முகட்டுக் காப்பிடத்தில் கழற்றப்பட்ட முன்சக்கர அச்சாணி

கார்லோவோ காவல் அலுவலகத்தில், ஆய்வாளர் ரலித்சா பெனோவா முன்னிலையில், நான் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்யப்பட்டது.

என் பெயர் ஸ்லாவெய் கரஜோவ். தந்தை பெயர் திம்சோ. வயது பதினெட்டு, ஆகஸ்டில் முடிந்தது. முகவரி: கப்ரோவோ, நெசவாலைத் தெரு, எண் 14, மூன்றாம் மாடி. அங்கே என் அம்மாவுடன் வசித்து வருகிறேன். இயந்திரத் தொழிற்பள்ளியில் கடைசி ஆண்டு படிக்கிறேன்.

திருமதி ஸ்வெத்தோமிரா வெல்சேவா கொடுத்த புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அதில், அவருடைய கணவர் ஓக்னியான் வெல்சேவ், வயது 47, மலை சைக்கிள் போட்டியில் சென்றுகொண்டிருந்தபோது அவருடைய சைக்கிளின் முன்சக்கர அச்சாணியை நான் திருடினேன் என்றும், ஒன்பதாம் இடத்தை அவரிடமிருந்து தட்டிப் பறிக்கவே அப்படிச் செய்தேன் என்றும், அதனால் அவர் உயிர் போகும் நிலைக்கு வந்தார் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. திருடியது உண்மை. ஒன்பதாம் இடத்துக்காக என்பது பொய். மூன்றாவது விஷயத்தைப் பற்றி, நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். முடிவை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

ஓக்னியான் வெல்சேவை எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கப்பட்டது. அவர் எங்கள் ஊரில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். சென்ற குளிர்காலத்தில் அவரிடம் கார் பழகச் சேர்ந்தேன். அவரிடம் நான் காரை ஓட்டியதைவிட அவரை ஓட்டியதே அதிகம். பயிற்சிக் காரில் காந்தத்தால் ஒட்டியிருக்கும் 'பழகுபவர்' என்ற பலகையை எடுத்து எங்கள் ஊர்ப் பாதிரியாரின் காரில் ஒட்டினேன். பாதிரியார் அதோடு இரண்டு கல்யாணங்களுக்கும் ஒரு சாவுக்கும் போய் வந்தார். ஓட்டக் கற்றுக்கொள்ளப் போய் ஒட்டக் கற்றுக்கொண்டேன் என்று நான் வெளியே சொன்னதால், அவர் என்னைப் பள்ளியிலிருந்து நீக்கினார். இந்த வாக்கியம் தேவையா என்று ஆய்வாளர் கேட்டார். புகாரில் முன்விரோதம் என்று இதைத்தான் குறிப்பிட்டிருக்கிறார்கள் என்பதால் இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். எனக்கு அவர் மேல் விரோதம் எதுவும் இல்லை. அவருக்கு என் மேல் இருந்திருக்கலாம்.

போட்டியின் விதிகளைச் சொல்லும்படி கேட்கப்பட்டதால் சொல்கிறேன். மேற்கே கோம் சிகரத்தில் தொடங்கி, மலை முகட்டின் மேலேயே போய், கருங்கடல் ஓரம் எமினே முனையில் முடியும். ஒவ்வொருவரும் தன் சாப்பாட்டைத் தானே சுமந்து, தன் சைக்கிளைத் தானே சரிசெய்துகொண்டு போக வேண்டும். இன்னொருவரிடம் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கினாலும் நீக்கம். ஒரே காப்பிடத்தில் இரண்டு பேர் ஒதுங்கினாலும் அவரவர் அடுப்பு, அவரவர் தேநீர். எங்கள் ஆட்களிடம் எதையாவது நீட்டுவதே மரியாதைக்குறைவு. உன்னால் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்வது போல. ஆளுக்கு ஒரு டிராக்கர் கொடுப்பார்கள். அதை வைத்து வீட்டில் இருப்பவர்கள் வரைபடத்தில் எங்களைப் புள்ளிகளாகப் பார்ப்பார்கள். அதன் ஓரத்தில் மூடி போட்ட ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் மலை மீட்புப் படை வரும். அழுத்தியவருக்குப் போட்டி அங்கேயே முடிந்தது.

சம்பவத்தன்று காலையில் முகட்டின் மேல் மழை பெய்துகொண்டிருந்தது. மதியத்துக்கு மேல் காற்று வடக்கே திரும்பும், பனி விழும், விரும்புகிறவர்கள் கீழே கிராமத்துக்கு இறங்கலாம், ஆனால் செக்பாயிண்ட் மூடும் நேரம் மாறாது என்று அமைப்பாளர்கள் எல்லோருக்கும் செய்தி அனுப்பியிருந்தார்கள். அடுத்த செக்பாயிண்ட் கணவாயில் இருக்கும் தங்குமனை. மாலை ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள். அதற்குள் வராதவர் போட்டியில் இல்லை. நான் இறங்கவில்லை. ஒரு ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஓக்னியான் வந்தார். மழையில் முழுக்க நனைந்திருந்தார். அவருடைய மழைச் சட்டையின் ஒரு கை தோளிலிருந்து கிழிந்து தொங்கியது.

"என்னடா, இன்னும் உயிரோட இருக்கியா? உன் வண்டி ஏன் இப்படிக் கத்துது?" என்றார்.

"வண்டி கத்தல அண்ணே, முட்டி கத்துது."

"வலப்பக்கம் ஒதுங்கு. முந்துறவனுக்கு வழி விடணும்னு சொல்லிக் குடுத்தேனா இல்லையா?"

அதைச் சொல்லிவிட்டு இடது கையை நீட்டிச் சைகை காட்டி என்னை முந்திப் போனார். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை எங்கள் இருவரையும் எருமை மந்தை மாதிரி நின்ற மேகங்களையும் தவிர வேறு ஒன்றும் இல்லை. இந்த மலையில் சைகை காட்டி முந்துகிற ஒரே ஆள் நீங்கள்தான் என்று கத்தினேன். காற்றில் அவருக்குக் கேட்டிருக்காது.

அதன் பிறகு மழை பனியாக மாறியது. பனி என்றால் மேலிருந்து விழும் பனி அல்ல, பக்கவாட்டில் வரும் பனி. நனைந்த கையுறை கைப்பிடியிலேயே உறைந்து ஒட்டிக்கொண்டதால் பிரேக் பிடிக்க விரல்களை ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுக்க வேண்டியிருந்தது. காற்று இரண்டு முறை என்னைச் சைக்கிளோடு தூக்கிப் போட்டது. குளிர்காலத்துக்காக வழி நெடுக நட்டிருக்கும் இரும்புக் கம்பங்களில் ஒன்றிலிருந்து அடுத்தது தெரியவில்லை என்றதும் நான் ஓட்டுவதை நிறுத்தித் தள்ளத் தொடங்கினேன். அப்படியே இரண்டு மணிக்கு மேல் காப்பிடத்துக்கு வந்து சேர்ந்தேன். அது தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. உள்ளே ஒரு பலகைப் படுக்கை, ஒரு சின்ன ஜன்னல். பூட்டு கிடையாது. ஓக்னியானின் சைக்கிள் காற்று படாத சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. என்னுடையதை அதன் பக்கத்தில் சாய்த்தேன். என் டிராக்கர் என் ஹேண்டில்பாரில் கட்டியிருந்தது. இது பின்னால் முக்கியம் என்பதால் சொல்கிறேன். அவருடையது அவர் முதுகுப்பையின் தோள் வாரில் தொங்கியது.

உள்ளே அவர் பலகையில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். பலகையே ஆடியது. அவருடைய ஸ்லீப்பிங் பேக் தண்ணீர் குடித்துக் கல் மாதிரி கனத்துத் தரையில் கிடந்தது. அடுப்பை ஏன் மூட்டவில்லை என்று கேட்டேன்.

"லைட்டர் நனைஞ்சிருச்சு."

"என்கிட்ட இருக்கு."

"உன்கிட்ட இருக்கறது உன்கிட்டயே இருக்கட்டும்."

அதன் பிறகு என் அடுப்பை மூட்டி, காட்டு ரோஜாக்காய்த் தேநீர் போட்டேன். ஒரு கோப்பை நிறைய ஊற்றி அவர் பக்கத்தில் பலகையில் வைத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். "இது என் தேநீர் அண்ணே. மறந்து வச்சிட்டேன். யாராவது குடிச்சா எனக்குத் தெரியாது" என்றேன்.

"எனக்குத் தெரியுமேடா" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தபோது கோப்பை வைத்த இடத்திலேயே இருந்தது. ஆவி நின்றுபோயிருந்தது.

அதன் பிறகு அவர் முதுகுப்பையின் அடியிலிருந்து ஒரு காலுறையை எடுத்து, அதிலிருந்து நான்கு கூழாங்கற்களைப் பலகையில் கொட்டினார். இந்த முகட்டைக் கடக்கிற எல்லோரும் கோம் சிகரத்தில் ஒரு கல்லை எடுத்து எமினேயில் கடலுக்குள் எறிவோம். ஒரு முறைக்கு ஒரு கல். பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பை வெட்டி எடை குறைக்கிற ஆட்கள் நாங்கள். நான்கு எதற்கு என்று கேட்டேன்.

"மூணு தடவை பாதில திரும்பின கல்லு. கடலைப் பாக்காம வீட்டுக்கு வந்திருச்சு. அலமாரில வச்சா ஸ்வெத்தா தூசி தட்டுறா, ஒண்ணும் கேக்க மாட்டா. கேக்காததுதாண்டா கஷ்டம். இந்தத் தடவை நாலும் போகணும்."

அதைச் சொல்லிவிட்டுக் கற்களை மறுபடியும் காலுறைக்குள் போட முயன்றார். விரல்களால் கல்லைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு உள்ளங்கைகளாலும் நெருக்கித் தூக்கினார்.

கொஞ்ச நேரத்தில் அவருடைய நடுக்கம் நின்றது. முதலில் நல்லது என்றுதான் நினைத்தேன். அதன் பிறகு அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தாடைக்கு அடியில் இருக்கும் கொக்கியைப் போட முயன்றார். கொக்கியும் துளையும் சந்திக்கவே இல்லை. விடாமல் முயன்றுகொண்டே இருந்தார். பேச்சு குழறியது, நாக்கு தடித்த மாதிரி. "கிளம்பறேன். ஆறு மணிக்கு மூடிருவான். கிளட்ச்ச மெதுவா விடு" என்றார். கிளட்ச் என்று அவர் சொன்னதும்தான், தொழிற்பள்ளியில் முதலுதவி வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து நான் சிரித்துக்கொண்டிருந்த பாடம் நினைவுக்கு வந்தது. குளிரில் இருப்பவருக்கு நடுக்கம் தானாக நின்றால் உடம்பு கைவிடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

"அண்ணே, பொத்தானை அழுத்தறேன்" என்று அவருடைய முதுகுப்பைக்குக் கை நீட்டினேன்.

"தொட்டா கை இருக்காது" என்று டிராக்கரை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். அவர் என்னைவிடப் பெரிய ஆள். ஒருமுறை பயிற்சிக் காரைத் தனியாகப் பள்ளத்திலிருந்து தூக்கிவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

வெளியே இருந்த உன் டிராக்கரை அழுத்தியிருக்கலாமே என்று ஆய்வாளர் கேட்டார். அழுத்தியிருக்கலாம். அழுத்தினால் என் போட்டியும் முடிந்துவிடும். அதனால் அதைக் கடைசி வழியாக வைத்துக்கொண்டேன். இதை மாற்றாமல் இப்படியே எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு நான் நின்றபடியே யோசித்தேன். உதவி செய்தால் அவர் வாங்கமாட்டார். வாங்கினால் நீக்கப்படுவார். ஆனால் திருட்டுக் கொடுத்தவரை நீக்கும் விதி எதுவும் கிடையாது. விதிப் புத்தகத்தை நான் முழுவதும் படித்திருக்கிறேன், ஓட்டை தேடித்தான் படித்தேன். முன்சக்கரம் இல்லாமல் யாரும் முன்னே போக முடியாது. ஒன்றுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லி வெளியே வந்து, என் ஆலன் கீயால் அவருடைய முன்சக்கரத்தின் அச்சாணியைத் திருகி உருவி, என் உள்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சக்கரத்தை அதைத் தாங்கும் முன்கவட்டையிலேயே விட்டுவிட்டேன். தூக்கினால்தான் கழன்று விழும். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

நான் உள்ளே வந்ததும் அவர் வெளியே போனார். சக்கரம் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்துகொண்டு வாசலில் நின்றார். புருவத்தில் பனி.

"அச்சாணி எங்கடா?"

"இல்லையா? திருடு போயிருக்கும் அண்ணே."

"இங்க யாருடா திருடுவான்? கரடியா?"

"இந்தப் பக்கத்துக் கரடிங்க எல்லாம் இப்ப கார்பன் சைக்கிள்தான் ஓட்டுதாம்."

அவர் என் சட்டையைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்து உலுக்கினார். பிடியில் வலு இல்லை. என்னால் சுலபமாக விலக்க முடிந்தது. அந்தக் கையை அப்படி விலக்க முடிந்ததுதான் அன்றைக்கு எனக்கு முதலில் பயத்தைக் கொடுத்தது. "ஒம்பதாவது எடம் வேணுமாடா உனக்கு? எடுத்துக்கோ. அச்சாணியக் குடு" என்றார். நான் கொடுக்கவில்லை. அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு பலகையில் சாய்ந்தார். என் உலர்ந்த ஸ்லீப்பிங் பேக்கை அவர் மேல் போட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன்.

காப்பிடத்துக்குப் பின்னால் பாறை மேல் பழைய கம்பம் ஒன்று இருக்கிறது, அங்கே சில சமயம் போனில் சிக்னல் கிடைக்கும் என்பது இந்த வழியாகப் போகிறவர்களுக்குத் தெரியும். போன் செய்து மீட்புப் படையை வரவழைத்தால் யாருடைய பொத்தானையும் அழுத்த வேண்டியதில்லை, என் போட்டியும் பிழைக்கும் என்று நினைத்து அங்கே ஏறினேன். சிக்னல் ஒரு கோடு வந்தது, போனது. காத்திருந்தேன். குளிரில் போன் அணைந்துவிட்டது. அதை அக்குளில் வைத்துச் சூடாக்கி மறுபடி முயன்றேன். எவ்வளவு நேரம் என்று சரியாகச் சொல்ல முடியாது.

இறங்கி வந்தபோது கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே அவர் இல்லை. முதுகுப்பையும் இல்லை. சுவரோரம் அவருடைய சைக்கிள் சக்கரம் கழன்று கிடந்தது. என்னுடைய சைக்கிள் இல்லை.

அதாவது, அவருடைய டிராக்கர் அவர் தோளில், என்னுடைய டிராக்கர் அவர் ஓட்டிப்போன என் சைக்கிளில். இரண்டு பொத்தான்களும் அவரோடு போய்விட்டன. என்னிடம் இருந்தது அணைந்த போனும் ஓர் அச்சாணியும்.

அவருடைய சைக்கிளில் பின்தொடரலாம் என்று சக்கரத்தைக் கவட்டையில் வைத்து அச்சாணியை நுழைத்தேன். துளையில் பனி இறுகியிருந்தது. வாயால் ஊதினேன், பல்லால் கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் திருகினேன். புரி பிடிக்கவில்லை. கழற்றும்போது இருந்த விரல்கள் மாட்டும்போது இல்லை. அதை மறுபடியும் பையில் போட்டுக்கொண்டு, ஸ்லீப்பிங் பேக்கையும் உடம்புச் சூட்டை வெளியே விடாத வெள்ளித்தாள் போர்வையையும் அள்ளிக்கொண்டு ஓடினேன்.

அவர் கிழக்கே போயிருந்தார், கணவாயை நோக்கி. கம்பங்களின் மறைவில் மட்டும் என் டயரின் தடம் அழியாமல் இருந்தது. ஒவ்வொரு கம்பத்தையும் கட்டிப்பிடித்து நின்று, தடம் எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனேன். வலது பக்கம் எங்கேயோ விளிம்பு இருக்கிறது என்பது தெரியும், எங்கே என்பது தெரியவில்லை. அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஒரு கம்பத்தின் அடியில் அவருடைய கையுறைகள் ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கப்பட்டிருந்தன. அதற்கு அடுத்த கம்பத்தில் மழைச் சட்டை, கடையில் தொங்கவிட்ட மாதிரி மாட்டப்பட்டிருந்தது. குளிர் முற்றியவருக்குக் கடைசியில் சூடாகத் தெரியும், உடையைக் கழற்றுவார் என்பதும் அதே முதலுதவிப் பாடத்தில் இருந்தது. இன்னும் வேகமாக ஓடினேன்.

சைக்கிள் ஒரு பாறையின் பக்கத்தில் ஒழுங்காகச் சாய்த்து நிறுத்தப்பட்டிருந்தது. பாறைக்கு அந்தப் பக்கம் அவர் பனியில் உட்கார்ந்து, சட்டையைத் திறந்துவிட்டு, ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒன்றைக் கழற்றியாகிவிட்டது. முகம் சிரித்த மாதிரி இருந்தது.

"சூடு தாங்கலடா. கண்ணாடிய இறக்கு" என்றார்.

ஹேண்டில்பாரில் இருந்த என் டிராக்கரின் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து அழுத்தினேன். பக்கத்தில் கிடந்த அவர் முதுகுப்பையில் இருந்ததையும் அழுத்தினேன். இரண்டும் பச்சையாகச் சிமிட்டும் வரை விடவில்லை. அதன் பிறகு அவரை ஸ்லீப்பிங் பேக்குக்குள் திணித்து, நானும் ஈரச் சட்டையைக் கழற்றிப்போட்டுவிட்டு அதற்குள் நுழைந்து, வெள்ளித்தாளை இருவரையும் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். அவர் உடம்பு ஆட்டிறைச்சிக் கடையில் தொங்குவதைத் தொட்ட மாதிரி இருந்தது. வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

தூங்கவிடக் கூடாது என்று மட்டும் தெரிந்தது. கேள்வி கேட்டால் பதில் சொல்லவில்லை. பேரைச் சொன்னால் கண்ணைத் திறக்கவில்லை. அதனால் அவர் காதில், "சிவப்பு விளக்கு எரிஞ்சா வேகமாப் போயிரணும், சரிதானே அண்ணே?" என்றேன்.

அதையே இன்னொரு முறை சொன்னேன். பிறகு, "முட்டாப்பயலே" என்றார்.

"ரவுண்டானால நடுவுல நேரா ஏறிப் போகலாம், புல்லுதானே?"

"உன்ன... எவன்டா... சேத்தான்."

"நீங்கதான் அண்ணே. பாட்டி ரோட்டைக் கடந்தா ஹார்ன் அடிச்சுக்கிட்டே துரத்தணும். பயிற்சிக்கு நல்லது."

"நில்லு... நிறுத்துடா... பிரேக்..."

இப்படியே தவறான பதில்களாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஓட்டுநர் தேர்வுப் புத்தகத்தில் உள்ள எல்லாவற்றையும் தலைகீழாகச் சொன்னேன். முதலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு திட்டு வந்தது. பிறகு திட்டு ஒரு சொல்லாகக் குறைந்தது. பிறகு ஒரு மூச்சாக. ரயில் கேட் மூடியிருந்தால் அடியில் நுழையலாம் என்றபோது ஒன்றுமே வரவில்லை. திரும்பவும் சொன்னேன். வரவில்லை. ஆம்புலன்ஸுக்கு வழி விடக் கூடாது என்றேன், அவர் கன்னத்தில் அறைந்தேன், அறைந்தது எத்தனை முறை என்று நினைவில்லை, அதனால் முகத்தில் உள்ள காயம் நான் ஏற்படுத்தியதே. அவர் மூக்கின் அடியில் என் உதட்டை வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே, தவறான பதில்களைச் சொல்வதை நிறுத்தாமல் இருந்தேன்.

முகட்டின் மேல் இருக்கும் வானிலை நிலையத்தின் பக்கத்திலிருந்து மீட்புப் படையினர் கயிற்றில் கோர்த்துக்கொண்டு நடந்து வந்தார்கள். விளக்கு தெரிந்தபோது இன்னும் முழுதாக இருட்டவில்லை. அவர்களில் ஒருவர், யார் பொத்தானை அழுத்தியது, இரண்டும் ஒரே இடத்தில் இருக்கிறதே என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் இன்னொருவர், "இந்தப் பையனுக்கு என்ன, பாதையில நின்னு போக்குவரத்து விதி ஒப்பிச்சுக்கிட்டு இருக்கான்" என்றார். ஓக்னியானைப் பனியில் இழுக்கும் ஸ்லெட்ஜில் கட்டி இறக்கினார்கள். இறக்கும்போது அவர் வாய் திறந்து சொன்னது "அச்சாணி", "பையன்" என்ற இரண்டு சொற்கள்தான் என்றும், அதைக் கேட்டுத்தான் என் பையைச் சோதித்தார்கள் என்றும் தெரிந்துகொண்டேன். எடுத்துக் கொடுத்தேன். இப்போது மேசை மேல் உறையில் இருப்பது அதுவே.

திருமதி வெல்சேவா வீட்டில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததாகவும், காப்பிடத்திலிருந்து இரண்டு புள்ளிகளும் ஒட்டியபடி கிழக்கே போனதைப் பார்த்ததாகவும், ஆகவே நான் அவருக்குப் பக்கத்தில்தான் சென்றேன், பின்னால் ஓடினேன் என்பது பொய் என்றும் கூறுகிறார். அவர் பார்த்தது சரிதான். ஆனால் அந்த இரண்டு புள்ளிகளும் ஒரே ஆள். என் புள்ளி ஓக்னியானோடு போனது. நான் புள்ளி இல்லாமல் பின்னால் போனேன். என் அம்மாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் பெரியவரோடு சேர்ந்து போகிறான், பயமில்லை என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்.

ஓக்னியான் வெல்சேவுக்கு இன்று காலை நினைவு திரும்பியிருக்கிறது என்றும், இடது காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியிருக்கும் என்றும் ஆய்வாளர் தெரிவித்தார். ஷூவைக் கழற்றிய கால் அதுதான். காப்பிடத்துக்குப் பிறகு நடந்தது எதுவும் அவருக்கு நினைவில் இல்லை என்றும், அச்சாணியை நான் எடுத்தது மட்டும் நினைவிருக்கிறது என்றும் தெரிவித்தார். திருமதி வெல்சேவா வெளியே நடைபாதையில் உட்கார்ந்திருக்கிறார். நான் உள்ளே வரும்போது எழுந்து நின்றார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என் விரல்களில் சுற்றியிருக்கும் கட்டைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார். புகாரைத் திரும்பப் பெறவில்லை. பெற வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை.

அச்சாணியை எடுக்காமல் இருந்திருந்தால் அவர் தன் சைக்கிளில், உடம்பில் இன்னும் கொஞ்சம் சூடு இருக்கும்போதே கிளம்பி, ஆறு மணிக்குள் தங்குமனையை அடைந்திருக்கக்கூடும் அல்லவா என்று ஆய்வாளர் கேட்டார். அடைந்திருக்கக்கூடும். விளிம்பில் விழுந்திருக்கவும் கூடும். தெரியாது. அன்றிலிருந்து எனக்கும் அதே கேள்விதான். என் டிராக்கரை முதலிலேயே அழுத்தியிருந்தால் இரண்டு விரல்கள் மிஞ்சியிருக்கும் என்பது மட்டும் தெரியும். அதற்குப் பதிலாக நான் பாறை மேல் ஏறிப் போனை அக்குளில் வைத்துக்கொண்டு நின்றேன்.

நான் செய்ததை உதவி என்று பதிவு செய்யலாமா, அப்படியானால் குற்றத்தின் தன்மை மாறும் என்று ஆய்வாளர் சொன்னார். வேண்டாம் என்றேன். ஓக்னியான் யாரிடமும் உதவி வாங்கவில்லை. கடைசி வரை என் தேநீரைத் தொடவில்லை. திருட்டு என்றே இருக்கட்டும்.

மறுபடியும் அதே இடத்தில் அதே நிலையில் ஒருவரைப் பார்த்தால் அச்சாணியைக் கழற்றுவாயா என்று கடைசியாகக் கேட்கப்பட்டது. கழற்றுவேன். அடுத்த முறை என் சைக்கிளின் அச்சாணியையும் சேர்த்தே கழற்றுவேன்.

மேலே தட்டச்சு செய்யப்பட்டதை ஆய்வாளர் எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டினார். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது. யாரும் மிரட்டியோ ஆசைகாட்டியோ சொல்லவைக்கவில்லை. நடந்தது இவ்வளவே. பேனாவைப் பிடிக்க விரல் மடங்காததால் இடது கையால் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ஸ்லாவெய் தி. கரஜோவ்

என் முன்னிலையில்,
(ஒப்பம்) ர. பெனோவா, ஆய்வாளர்